புரோஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு: திரும்ப வருமா என்று எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். ஊசி குத்தி ரத்தம் எடுப்பதில் இருந்து மெஷினில் ஓட்டி ரிப்போர்ட் அடிப்பது வரை எல்லாம் கை வழியாகப் போன வேலைதான். அப்படியும் குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்குப் புரோஸ்டேட் சுரப்பியை எடுத்த பிறகுதான், தினமும் நான் அடித்துக் கொடுக்கிற அந்த எண்ணுக்கு ஒரு வீட்டில் எவ்வளவு கனம் என்று புரிந்தது. அதன் பிறகு உட்கார்ந்து படித்தேன், டாக்டர்களிடம் கேட்டேன். ஆம்பூர், ஆற்காடு, பேரணாம்பட்டு என்று சுற்றுவட்டத்தில் இருந்து வருகிறவர்களும், காந்தி ரோடு லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கிற வெளியூர்க்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மருந்து, சிகிச்சை முடிவு எல்லாம் உங்கள் டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

சுரப்பியையே முழுசாக எடுத்துவிட்டார்களே, பிறகு எங்கிருந்து திரும்ப வரும்?

சுரப்பி இருந்த குழியில் கண்ணுக்குத் தெரியாத அளவு செல்கள் தங்கியிருக்கலாம். இல்லையென்றால் ஆபரேஷனுக்கு முன்பே சில செல்கள் ரத்தம் வழியாகவோ நெறிக்கட்டி வழியாகவோ கிளம்பிப் போய் எலும்பில் எங்கேயாவது உட்கார்ந்திருக்கலாம். இந்த இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். முதல் வகையைக் கதிர்வீச்சால் துடைத்து எடுக்க வாய்ப்பு இருக்கிறது, இரண்டாவதற்கு உடம்பு முழுக்கப் போகிற மருந்து வேண்டும். இந்தப் பக்கத்தில் வரப்போகிற எல்லாப் பரிசோதனையும் கடைசியில் இந்த இரண்டில் எது, எவ்வளவு வேகம் என்று கண்டுபிடிக்கத்தான்.

ஆபரேஷன் செய்தவர்களில் பத்து வருடத்துக்குள் கால்வாசிப் பேருக்காவது பிஎஸ்ஏ (புரோஸ்டேட் செல்கள் சுரக்கிற, ரத்தத்தில் அளக்கக்கூடிய புரதம்) மறுபடி ஏறுகிறது. மீதிப் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஒரே ஆபரேஷனோடு கதை முடிந்துவிடுகிறது.

பயோமார்க்கர், பயோமார்க்கர் என்கிறார்களே, அது என்ன?

உடம்பில் நடப்பதை நமக்குக் காட்டிக்கொடுக்கிற, அளந்து பார்க்கக்கூடிய ஒரு பொருள், அவ்வளவுதான். ரத்தத்தில் இருக்கும் புரதமாக இருக்கலாம், வெட்டி எடுத்த சதையில் இருக்கும் ஜீனாக இருக்கலாம், மைக்ரோஸ்கோப்பில் தெரிகிற செல்லின் அமைப்பைக் கூட அந்தக் கணக்கில் சேர்க்கலாம். புரோஸ்டேட்டைப் பொறுத்தவரை ராஜா பிஎஸ்ஏ. அது புரோஸ்டேட் செல்கள் மட்டுமே (கிட்டத்தட்ட) சுரக்கிற புரதம், 1979இல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள், 1986இல் அமெரிக்காவில் இந்த நோயைக் கண்காணிக்கிற பரிசோதனையாக அனுமதி கிடைத்தது. நோய் இருக்கிறதா என்று தேட அதைப் பயன்படுத்தும் அனுமதி 1994இல்தான் வந்தது. அதாவது பிஎஸ்ஏ முதலில் வந்ததே உங்களை மாதிரி வைத்தியம் செய்துகொண்டவர்களுக்காக. நோய் தேடும்போது அது அடிக்கடி குழப்பும், வீக்கம் இருந்தாலும் ஏறும், வயதானாலும் ஏறும். சுரப்பியை எடுத்த பிறகு அந்தக் குழப்பம் எல்லாம் போய்விடுகிறது, சுரக்க வேண்டிய செல்லே உடம்பில் இருக்கக்கூடாது.

ஆபரேஷன் முடிந்து எத்தனை நாளில் முதல் பிஎஸ்ஏ எடுக்க வேண்டும்? பத்தாம் நாளே எடுத்துப் பார்த்தோம், 1.3 என்று வந்தது, பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், அவசரப்பட்டு எடுத்துவிட்டீர்கள். ரத்தத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பிஎஸ்ஏ கரைய நேரம் வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். ஆபரேஷனுக்கு முன்பு 12 இருந்தது என்று வையுங்கள், மூன்று நாளில் 6, ஆறாம் நாள் 3, ஒன்பதாம் நாள் 1.5, இப்படியே பாதி பாதியாகப் போனால் முப்பதாம் நாள் 0.01 பக்கம் வந்து நிற்கும். அதனால்தான் ஆறு வாரம் கழித்து, அல்லது இரண்டு மாதத்துக்குள் என்று சொல்கிறார்கள். அப்போதும் 0.1க்கு மேல் இருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அது திரும்ப வந்தது இல்லை, போகாமலே இருக்கிறது என்று அர்த்தம், பிறகு ஏறுவதைவிட அதற்குக் கவனம் கூடுதலாக வேண்டும். டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.

ரிப்போர்ட்டில் 0.1க்கு முன்னால் ஒரு குறி போட்டிருக்கிறதே?

அந்தக் குறிதான் எங்கள் வீட்டை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. பெரியப்பாவுக்கு ஒரு இடத்தில் எடுத்தபோது 0.06. நாலு மாதம் கழித்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கமாக இருக்கிறதே என்று வேறு ஒரு லேபில் கொடுத்தார்கள், அங்கே <0.1 என்று வந்தது. பெரியம்மா ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்து, “ஏம்ப்பா, 0.06 இருந்தது 0.1 ஆயிடுச்சாம், ஏறிடுச்சாம்” என்று அழுகிறார்கள். ஏறவே இல்லை. அந்தச் சாய்ந்த குறிக்கு ‘இதற்குக் கீழே’ என்று அர்த்தம். அந்த லேபின் மெஷின் 0.1க்குக் கீழே எண்ணைப் பிரித்துச் சொல்லாது, 0.09 இருந்தாலும் 0.02 இருந்தாலும் ‘0.1க்குக் கீழே’ என்றே அடிக்கும். ரிப்போர்ட் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ராத்திரி மிச்சமாகியிருக்கும். அன்றிலிருந்து பிஎஸ்ஏ ரிப்போர்ட் வாங்க வருகிற யாருக்கும் நான் அந்தக் குறியை விரலால் தொட்டுக் காட்டாமல் கவரில் போடுவதில்லை.

இதில் இன்னொன்று இருக்கிறது. மெஷினுக்கு மெஷின், அளவு திருத்துகிற தரம் மாறும். ஒரே ரத்தத்தை இரண்டு கம்பெனி மெஷினில் ஓட்டினால் சுமார் 20 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம். அதில் யார் மேலும் தப்பு இல்லை, இரண்டும் அவரவர் கணக்கில் சரியே. ஆனால் 0.10க்கும் 0.12க்கும் நடுவில் ஏற்றம் இருக்கிறதா என்று நீங்கள் பார்க்கும்போது அந்த வித்தியாசமே ஏற்றம் மாதிரி தெரியும். ஆகவே ஒரே லேப், ஒரே மெஷின், எண்ணை இரண்டு தசமம் வரையாவது சொல்கிற மெஷின். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். என் லேபுக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை, எங்கே கொடுக்கிறீர்களோ அங்கேயே தொடர்ந்து கொடுங்கள்.

0.02, 0.03, 0.02, 0.04 என்று ஆடினால் அது பெரும்பாலும் மெஷினின் இயல்பான ஆட்டம். ஆபரேஷனில் புற்று இல்லாத நல்ல சுரப்பித் துணுக்கு ஓரமாகத் தங்கிவிட்டாலும், குறைந்த அளவில் பிஎஸ்ஏ அசையாமல் வருடக்கணக்கில் நிற்கும்.

சரி, எந்த எண் வந்தால் ‘திரும்பிவிட்டது’ என்று சொல்வார்கள்?

அமெரிக்க சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் வைத்த அளவு: ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் அல்லது அதற்கு மேல், அதுவும் ஒரு முறை போதாது, மறுபடி எடுத்து இரண்டாவது முறையும் 0.2க்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். ஐரோப்பியச் சங்கம், 0.4ஐத் தாண்டி மேலும் ஏறுவதுதான் பிற்பாடு பரவலை நன்றாகக் காட்டுகிறது என்கிறது. இதை ‘உயிர்வேதியியல் மறுவருகை’ என்று பெரிய பெயரில் எழுதுவார்கள். உடம்பில் கட்டி தெரியாது, வலி இருக்காது, ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ரத்தத்தில் மட்டும் எண் ஏறுகிறது.

இந்த இடத்தில் எல்லோரும் இடிந்து போய்விடுகிறார்கள். அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, 1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை வெளியிட்ட கணக்கு. 1997 பேருக்கு ஆபரேஷன் செய்து பின்தொடர்ந்தார்கள், 315 பேருக்கு பிஎஸ்ஏ ஏறியது. அவர்களில் 304 பேருக்குப் பரவல் தெரிகிற வரை ஹார்மோன் மருந்து கொடுக்கவில்லை. அப்படியும் எண் ஏறியதில் இருந்து எலும்பிலோ வேறு இடத்திலோ தெரிய நடுக்கணக்காக எட்டு வருடம் ஆனது, பரவல் தெரிந்த பிறகும் நடுக்கணக்காக ஐந்து வருடம் உயிரோடு இருந்தார்கள். எண் 0.2 வந்த அன்றே வீட்டில் ஒப்பாரி வைக்க ஒன்றும் இல்லை. ஆனால் எட்டு வருடம் என்பது நடுக்கணக்கு. சிலருக்கு இரண்டு வருடத்தில் வந்தது, சிலருக்குப் பதினைந்து வருடம் ஆகியும் வரவில்லை. நாம் அந்த வரிசையில் எங்கே நிற்கிறோம் என்று சொல்வது எண் இல்லை, வேகம்.

வேகத்தை எப்படிப் பார்ப்பது?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கடன் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அசல் எவ்வளவு என்பதைவிட எத்தனை மாதத்தில் இரட்டிப்பாகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது, வட்டிக்கு வட்டி மாதிரி. புற்றுச் செல்லும் இரண்டு நாலாகி, நாலு எட்டாகித்தான் வளர்கிறது, அது சுரக்கிற பிஎஸ்ஏவும் அப்படியே. இரட்டிப்பாக ஆகும் காலத்தை டாக்டர்கள் ‘டப்ளிங் டைம்’ என்பார்கள். தை மாதம் 0.2, ஆடியில் 0.4 என்றால் இரட்டிப்புக் காலம் ஆறு மாதம். அடுத்த தையில் 0.8, அதற்கடுத்த ஆடியில் 1.6 என்று போகும். இன்னொருவருக்கு இந்தத் தையில் 0.2, அடுத்த தையில் 0.28 என்றால் அவருக்கு இரட்டிப்புக் காலம் இரண்டு வருடம். இரண்டு பேரும் ஒரே நாளில் 0.2 ரிப்போர்ட்டோடு என் முன்னால் நின்றிருப்பார்கள், அன்றைக்கு இரண்டு பேர் முகத்திலும் ஒரே பயம்தான். ஆனால் இரண்டு பேர் வழியும் வேறு.

ஐரோப்பிய வழிகாட்டுதலில் கோடு ஒரு வருடத்தில் போட்டிருக்கிறார்கள். இரட்டிப்பாக ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, சதையின் தரமும் மோசமில்லை என்றால் குறைந்த ஆபத்து. ஒரு வருடமோ அதற்குள்ளோ இரட்டிக்கிறது, அல்லது சதையின் தரம் நாலு, ஐந்து (அதை அடுத்துச் சொல்கிறேன்) என்றால் கூடுதல் ஆபத்து. மூன்று மாதத்துக்குள்ளாகவே இரட்டிப்பது எல்லாவற்றிலும் அவசரம். 2023இல் முடிவு வந்த எம்பார்க் என்ற பெரிய ஆய்வில், இரட்டிப்புக் காலம் ஒன்பது மாதமோ அதற்குக் குறைவோ உள்ளவர்களைத்தான் சேர்த்து, ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கிற என்சாலுடமைடு மாத்திரையைப் பரிசோதித்தார்கள். அதாவது மருந்து யாருக்கு என்று முடிவு செய்வதற்கே இந்த வேகம்தான் வாசல்.

கணக்குப் போட குறைந்தது மூன்று ரீடிங், நடுவில் சில மாத இடைவெளி, ஒரே லேப். மூன்று லேபில் எடுத்த மூன்று எண்ணை வைத்து வேகம் கண்டுபிடிப்பது, மூன்று தராசில் எடை போட்டுக் குழந்தை வளர்ந்ததா என்று பார்ப்பது மாதிரி.

ஆபரேஷன் முடிந்து எவ்வளவு சீக்கிரம் ஏற ஆரம்பித்தது என்பதும் சேரும். ஒரு வருடத்துக்குள் ஏறுவது வேறு, ஏழு வருடம் சும்மா இருந்துவிட்டு ஏறுவது வேறு.

பேதாலஜி ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

ரத்தத்துக்கு முன்னாலேயே பேசிவிடுகிற மார்க்கர் அந்தக் காகிதம்தான். பயாப்சி ரிப்போர்ட் வேறு, ஆபரேஷனில் எடுத்த முழுச் சுரப்பியையும் அறுத்துப் பார்த்து எழுதுவது வேறு, இரண்டாவது வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு வரியில் சுருக்கிவிடுவார்கள், முழு ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். பெரியப்பா வீட்டில் அது மஞ்சப்பையோடு எங்கேயோ போய்விட்டது, டூப்ளிகேட் வாங்க மூன்று முறை அலைந்தோம்.

அதில் முதலில் கிளீசன் ஸ்கோர். அதிகமாகத் தெரிகிற அமைப்புக்கு ஒரு எண், அடுத்ததாகத் தெரிவதற்கு ஒரு எண், இரண்டையும் கூட்டுவார்கள். 3+4ம் 7, 4+3ம் 7, ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. 4+3இல் மோசமான அமைப்புதான் கூடுதல். இந்தக் குழப்பத்துக்காகவே இப்போது ஒன்று முதல் ஐந்து வரை தரக் குழு போடுகிறார்கள்: 3+3 முதல் தரம், 3+4 இரண்டு, 4+3 மூன்று, எட்டு வந்தால் நாலு, ஒன்பதும் பத்தும் ஐந்து. ‘கிரிப்ரிஃபார்ம்’ என்ற சொல் இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையான அமைப்பு அது, இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

பிறகு ‘மார்ஜின்’, அதாவது வெட்டி எடுத்த சதையின் ஓரம். ஓரம் வரை புற்றுச் செல் இருந்தால் மார்ஜின் பாசிட்டிவ். இந்தப் பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நல்ல சேதி என்று இனிப்போடு வந்தவரும் உண்டு, அன்று எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மார்ஜின் பாசிட்டிவ் உள்ள எல்லோருக்கும் திரும்ப வருவதில்லை. ஒரு மில்லிமீட்டர் தொட்டிருப்பதும் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு இருப்பதும் வேறு, அந்த ஓரத்தில் இருந்த செல்லின் தரமும் முக்கியம்.

சுரப்பியின் உறையைத் தாண்டியதா, விந்துப்பையில் நுழைந்ததா, நெறிக்கட்டியில் இருந்ததா, இந்த மூன்றும் மீதி.

இதையெல்லாம் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகப் போட முடியுமா?

முடியும். சான் பிரான்சிஸ்கோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கேப்ரா-எஸ் என்ற கணக்கு, 2011இல் வந்தது, 12 மதிப்பெண் வரை. இதில் மதிப்பெண் கூடக் கூட ஆபத்து. ஆபரேஷனுக்கு முந்தைய பிஎஸ்ஏ 6 வரை 0, 6க்கு மேல் 10 வரை 1, 10க்கு மேல் 20 வரை 2, அதற்கு மேல் 3. கிளீசன் 6 வரை 0, 3+4க்கு 1, 4+3க்கு 2, எட்டு முதல் பத்து வரை 3. மார்ஜின் பாசிட்டிவ் என்றால் 2, விந்துப்பையில் இருந்தால் 2, உறையைத் தாண்டியிருந்தால் 1, நெறிக்கட்டியில் இருந்தால் 1. கூட்டினால் 0 முதல் 2 வரை குறைந்த ஆபத்து, 3 முதல் 5 வரை நடுத்தரம், 6ம் அதற்கு மேலும் கூடுதல்.

பெரியப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். பிஎஸ்ஏ 14, அதற்கு 2. கிளீசன் 4+3, அதற்கு 2. மார்ஜின் ஒரு இடத்தில் பாசிட்டிவ், 2. உறையைத் தாண்டியிருந்தது, 1. மொத்தம் 7. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவரிடம் எண்ணைச் சொல்லவில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மதிப்பெண்ணின் உபயோகமே அதுதான், யாரை நெருக்கமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லும்.

ஜீன் டெஸ்ட் எடுத்தால் துல்லியமாகத் தெரியும் என்கிறார்களே?

இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரியும், ஜோசியம் மாதிரி தேதி சொல்லாது. ரத்தத்தில் எடுப்பது இல்லை இது, வெட்டி எடுத்த புற்றுச் சதையிலேயே எந்த ஜீன்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கின்றன என்று அளக்கிறார்கள். டெசிஃபர் என்ற டெஸ்ட் 22 ஜீன் குறிகளைப் பார்த்து 0 முதல் 1 வரை ஒரு எண் தருகிறது. 0.45க்குக் கீழே குறைவு, 0.60க்கு மேல் அதிகம், நடுவில் நடுத்தரம். பிஎஸ்ஏ ஏறுமா என்பதைவிட, பிற்பாடு வேறு இடத்துக்குப் பரவுமா என்பதைக் கணிக்கத்தான் அதை உருவாக்கினார்கள். புரோலாரிஸ் என்பது செல் பிரிகிற வேகத்தைக் காட்டும் 31 ஜீன்களைப் பார்ப்பது. ஆன்கோடைப் என்று ஒன்று 17 ஜீன்களைப் பார்க்கிறது, அது பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்னால் பயாப்சியில் செய்வது.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். கேப்ரா-எஸ் 1 வந்து, பிஎஸ்ஏ இரண்டு வருடமாக அசையாமல் இருப்பவர் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. எல்லாமே மோசமாக இருந்து, சிகிச்சை தொடங்குவது எப்படியும் நிச்சயம் என்பவருக்கும் அது பெரிதாக மாற்றாது. நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான், கதிர்வீச்சோடு ஹார்மோன் ஊசியும் சேர்ப்பதா வேண்டாமா என்று டாக்டரே யோசிக்கும்போது, அந்த எண் ஒரு பக்கமாகத் தராசைச் சாய்க்கும். டெசிஃபர் செய்கிற ஆய்வகம் அமெரிக்காவில் சான் டியாகோவில் இருக்கிறது, செலவு பெரியது. நகையை அடகு வைத்து எடுக்கிற டெஸ்ட் இல்லை, பிஎஸ்ஏ சில நூறு ரூபாய், அதை ஒழுங்காக எடுங்கள், அதுவே நிறையச் சொல்லும்.

‘பிளாக் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள், என்ன பிளாக்?

உங்கள் சதைத் துண்டைப் பதப்படுத்தி மெழுகில் பதித்து வைத்த சின்னக் கட்டை. மேலே சொன்ன ஜீன் டெஸ்ட் எல்லாம் அதிலிருந்துதான். வருடங்கள் கழித்தும் பயன்படும். எந்த மருத்துவமனையிலும் அதைக் காலவரையின்றி வைத்திருக்க மாட்டார்கள், எவ்வளவு காலம் வைப்பார்கள் என்று கேளுங்கள். வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்தால் வெயில் படாத இடத்தில் வையுங்கள், நம் ஊர் மே மாத வெயிலில் வண்டி டிக்கியில் விட்டால் மெழுகு இளகிவிடும்.

கேஐ-67, பிடிஇஎன் என்று எழுதியிருக்கிறதே?

கேஐ-67 என்பது எத்தனை சதவீதச் செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று சாயம் போட்டு எண்ணுவது, கூடினால் வேகம் கூடுதல். பிடிஇஎன் என்பது வளர்ச்சிக்கு பிரேக் போடும் ஜீன், அது போயிருந்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். இரண்டும் தனியாக எதையும் முடிவு செய்வதில்லை, மற்றதோடு சேர்த்துப் பார்ப்பார்கள். டிஎம்பிஆர்எஸ்எஸ்2, ஈஆர்ஜி என்ற இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொள்வதை 2005இல் கண்டுபிடித்தபோது பெரிய பரபரப்பு, பிறகு பார்த்தால் ஆபரேஷனுக்குப் பின் யாருக்குத் திரும்பும் என்று பிரித்துச் சொல்ல அது அவ்வளவாக உதவவில்லை.

பிஆர்சிஏ டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள், அது பெண்களுக்கான டெஸ்ட் இல்லையா?

இல்லை. பிஆர்சிஏ2 ஜீனில் பிறவியிலேயே கோளாறு இருக்கும் ஆண்களுக்கு வருகிற புரோஸ்டேட் புற்று வேகமான வகையாக இருக்கிறது, பிற்பாடு மருந்து தேர்ந்தெடுக்கவும் அது உதவும். வீட்டில் அக்காவுக்கோ அம்மாவுக்கோ அத்தைக்கோ மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிறையக் குடும்பங்களில் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை, ‘கல்யாணம் ஆக வேண்டிய பெண் இருக்கிறாள்’ என்பார்கள். அந்தப் பெண்ணுக்காகத்தான் சொல்ல வேண்டும், அவளுக்கும் அந்த ஜீன் வந்திருக்கலாம், முன்கூட்டியே தெரிந்தால் அவள் பாதுகாத்துக்கொள்ள வழி இருக்கிறது.

‘புரோஸ்டேட் புரொஃபைல்’ என்று பேக்கேஜில் ஃப்ரீ பிஎஸ்ஏவும் சேர்த்து எடுக்கலாமா?

வேண்டாம். ஃப்ரீ பிஎஸ்ஏ, பிசிஏ3 எல்லாம் சுரப்பி இருக்கும்போது புற்றா, வெறும் வீக்கமா என்று பிரிக்க. எடுத்த பிறகு மொத்த பிஎஸ்ஏ ஒன்று போதும்.

டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டினால், சைக்கிள் மிதித்தால் பிஎஸ்ஏ ஏறுமா? சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுக்கலாமா?

சாப்பிட்டுவிட்டு தாராளமாகக் கொடுக்கலாம். வண்டி விஷயம், சுரப்பி இருப்பவர்களுக்குச் சீட்டு அழுத்தத்தால் கொஞ்சம் ஏறலாம் என்பார்கள், எடுத்துவிட்ட பிறகு அழுத்துவதற்கு அங்கே சுரப்பி இல்லை. நிலத்துக்கு வண்டியில் போய் வருவதால் ஏறியது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் முடி கொட்டுகிறது, நகம் உடைகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். பல மெஷின்களில் ரசாயனம் ஒட்டுவதே பயோட்டினை வைத்துத்தான், ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் பிஎஸ்ஏ பொய்யாகக் குறைவாகக் காட்டலாம். 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட்டது. டாக்டரைக் கேட்டு இரண்டு மூன்று நாள் முன்பாக நிறுத்திவிட்டுக் கொடுங்கள்.

நாட்டு மருந்து சாப்பிட்டதில் பிஎஸ்ஏ இறங்கியிருக்கிறது. கதிர்வீச்சு தேவையா?

திட்ட மாட்டேன், ஒரு நடந்த கதை சொல்கிறேன். அமெரிக்காவில் பிசி-ஸ்பெஸ் என்று எட்டு மூலிகை கலந்த மாத்திரை விற்றது. நிஜமாகவே பலருக்கு பிஎஸ்ஏ இறங்கியது. பிறகு ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தால் உள்ளே டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனும், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் வார்ஃபரினும் கலந்திருந்தது. 2002இல் சந்தையில் இருந்து எடுத்தார்கள். எண் இறங்கினால் நோய் இறங்கியது என்று எப்போதும் அர்த்தம் இல்லை. எதைச் சாப்பிட்டாலும் அந்தப் பொட்டலத்தை டாக்டரிடம் காட்டுங்கள், மறைத்தால் உங்கள் மார்க்கரையே நீங்கள் குருடாக்குகிறீர்கள்.

எண் ஏறியதும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எடுத்தால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுமா?

முன்பிருந்த ஸ்கேன்களைவிட இது மிக நல்லது. புரோஸ்டேட் புற்றுச் செல்லின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிற மருந்தை, காலியம்-68 மாதிரி கதிர் வீசும் பொருளோடு சேர்த்து ஊசியில் ஏற்றுகிறார்கள், ஒட்டிய இடம் ஒளிரும். ஆனால் எண் 0.2, 0.3 என்று இருக்கும்போது எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை, தெரிகிற அளவுக்கு இன்னும் பெரிதாகவில்லை. ‘ஸ்கேனில் தெரியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று காத்திருந்து நல்ல சமயத்தைத் தவற விடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் கதிர்வீச்சு எண் 0.5ஐத் தாண்டும் முன்பு கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்கிறது.

அப்படியென்றால் ஏறுவதற்கு முன்னாலேயே எல்லோருக்கும் கதிர்வீச்சு கொடுத்துவிடலாமே?

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் ராடிகல்ஸ் என்ற ஆய்வு. பிரிட்டன், கனடா, டென்மார்க், அயர்லாந்தில் 1396 பேர். பாதிப் பேருக்கு ஆபரேஷன் முடிந்ததுமே கதிர்வீச்சு, மீதிப் பேரை பிஎஸ்ஏ பார்த்துக்கொண்டே இருந்து ஏறினால் மட்டும் கொடுத்தார்கள். 2020இல் முடிவு: முதலிலேயே கொடுத்ததில் தனி லாபம் தெரியவில்லை, மூத்திரத் தொந்தரவுதான் கூடியது. ஆக இப்போது பெரும்பாலானவர்களுக்குக் காத்திருந்து, ஏறத் தொடங்கியதும் சட்டென்று கொடுப்பதே வழக்கம். இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது, கவனியுங்கள்: காத்திருப்பவர் தவறாமல் ரத்தம் கொடுக்க வேண்டும். ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று ஒன்றரை வருடம் வராமல் இருந்துவிட்டு எண் 3இல் வந்து நிற்பவருக்கு அந்த ஆய்வின் பலன் கிடைக்காது. நெறிக்கட்டியில் இருந்தவர்கள், பல அம்சங்களும் மோசமாக இருப்பவர்கள் விஷயத்தில் டாக்டர் முன்கூட்டியே யோசிக்கலாம்.

எத்தனை வருடம் இந்த டெஸ்ட்? நாங்கள் வெளியூர், வேலூருக்கு வந்துதான் எடுக்க வேண்டுமா?

வழக்கமாக மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம், பிறகு மூன்று வருடம் முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடத்துக்கு ஒன்று. ஆபத்து கூடியவர்களுக்கு நெருக்கமாக. பத்து வருடம் கழித்தும் ஏறியவர்கள் உண்டு, அதனால் முற்றிலும் நிறுத்துவதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று இரண்டு நாள் ரயில் ஏறி காட்பாடியில் இறங்குகிறவர்கள் இந்த ஒரு ரத்தத்துக்காக வர வேண்டியதில்லை. உங்கள் ஊரில் ஒரு லேபைப் பிடியுங்கள், இங்கே கிளம்பும் முன் ஒன்று, ஊரில் போய் உடனே ஒன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மெஷினுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். பிறகு அங்கேயே தொடருங்கள். ஒரு நோட்டில் தேதி, எண், லேப் பெயர் மூன்றும் எழுதி வையுங்கள்.

உங்கள் பெரியப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

இதைக் கேட்டவர்களுக்கு நன்றி. ஒரு வருடம் எண் அசையவில்லை. பதினான்காம் மாதம் 0.07, பதினேழாம் மாதம் 0.11, இருபதில் 0.16, இருபத்துமூன்றில் 0.24. அந்தக் கடைசி சாம்பிளை நானே ஓட்டினேன், இரண்டு முறை ஓட்டினேன். மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்தோம், 0.25. இரட்டிப்புக் காலம் ஐந்தரை மாதத்துக்குள். பெட் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டர் காத்திருக்கவில்லை, கதிர்வீச்சும் ஆறு மாத ஹார்மோன் ஊசியும் என்று முடிவானது. முப்பத்துமூன்று நாள், ஒவ்வொரு நாளும் தண்ணீர் குடித்து மூத்திரப் பை நிறைந்த நிலையில் மேஜையில் படுக்க வேண்டும், குடியாத்தம் பேருந்தில் அப்படி வர முடியாது என்று சத்துவாச்சாரியில் என் வீட்டிலேயே தங்கிக்கொண்டார். ஊசி போடும் வரை எண் இறங்குவது ஊசியாலா கதிராலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஊசியின் வேகம் தணிந்த பிறகு வருகிற எண்தான் நிஜம். ஊசி நின்று ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் 0.03க்குக் கீழே, அந்தக் குறியோடு. பெரியம்மா இப்போது அந்தக் குறியை அவரே பார்த்துச் சொல்லிவிடுகிறார். அடுத்த ரத்தம் ஐப்பசியில், நிலக்கடலை பிடுங்கி முடித்ததும் வருகிறேன் என்றிருக்கிறார்.